எண்ணம் கையை எட்டும் வழி: மூளை–கணினி இணைப்பும் மறுவாழ்வு மருத்துவமும்

பக்கவாதம் வந்து ஓராண்டு கடந்த ஒருவரிடம் பிசியோதெரபிஸ்ட் "விரலை விரிங்க" என்கிறார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயல்கிறார். விரல் அசைவதில்லை. ஆனாலும் மூளையில் ஏதோ நடக்கிறது. கையை இயக்கும் பகுதியில், ஓய்வாக இருக்கும்போது விநாடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ஒரு மின்தாளம் உண்டு. கையை அசைத்தாலும், அசைக்க முயன்றாலும், அசைப்பதாக மனத்தில் நினைத்தாலும்கூட அந்தத் தாளம் தணியும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கெர்ட் ஃபுர்ட்ஷெல்லர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தலையில் பொருத்திய மின்முனைகள் அந்தத் தணிவைப் பதிவு செய்யும். கணினி அதை அடையாளம் கண்டு, கையில் மாட்டிய கருவிக்குக் கட்டளை அனுப்பும். மூளை–கணினி இணைப்பின் அடிப்படை இவ்வளவுதான்.

இந்த இணைப்பை மருத்துவம் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்திப் பார்க்கிறது. ஒன்று, இழந்ததற்கு மாற்று தருவது. பேச முடியாதவருக்குக் கணினி பேசும். கை வராதவருக்கு ரோபோ கை எடுத்துக் கொடுக்கும். இன்னொன்று, இழந்ததையே மீட்க உதவுவது. கருவியைக் கழற்றி வைத்த பிறகும் கை அசைய வேண்டும். செய்திகளில் வருவது பெரும்பாலும் முதல் வகை. நோயாளிகளில் மிகப் பலருக்குத் தேவைப்படுவதோ இரண்டாம் வகை. இரண்டையும் 'எண்ணத்தால் இயங்கும் அதிசயம்' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுவதால், எது நடைமுறைக்கு வந்துவிட்டது, எது இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்பது நோயாளியின் குடும்பத்துக்குத் தெரியாமலே போகிறது. எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1969இல் அமெரிக்காவில் எபர்ஹார்ட் ஃபெட்ஸ், குரங்கு தன் மூளையின் ஒற்றை நியூரானைத் தானே வேண்டியபடி தூண்டிக்கொள்ளப் பழக முடியும் என்று காட்டினார். 1973இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜாக் விடால், மூளையும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை ஒரு ஆய்வுத்துறையாகவே வகுத்து வைத்தார். 1999இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் நீல்ஸ் பிர்பாமர் குழு, தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோயால் ஏறக்குறைய முற்றிலும் செயலிழந்த இருவரை மூளை அலைகளைக் கொண்டே எழுத்துக் கூட்ட வைத்தது. ஒரு வாக்கியத்துக்கு வெகுநேரம் பிடித்தது. ஆனாலும் உடலின் எந்தத் தசையையும் நம்பாமல் மனிதர் ஒருவர் மடல் எழுத முடியும் என்பது அன்று நிரூபணமானது.

மண்டையோட்டின் மேலிருந்து கேட்பதில் ஒரு குறை உண்டு. கோடிக்கணக்கான நியூரான்களின் ஓசை எலும்பையும் தோலையும் தாண்டி வரும்போது கலந்து மங்கிவிடுகிறது. உள்ளே இறங்கிக் கேட்டால் தெளிவு கூடும். யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கிய மின்முனைத் தட்டு அதற்கு வழி செய்தது: 4 மில்லிமீட்டர் சதுரம், அதில் 100 நுண்ணிய ஊசிகள். 2004இல் அமெரிக்காவில் பிரெயின்கேட் என்ற ஆய்வில், தண்டுவடம் அறுபட்ட ஓர் இளைஞரின் மூளையில் இது பதிக்கப்பட்டது. அவர் திரையில் சுட்டியை நகர்த்தினார், மின்னஞ்சலைத் திறந்தார், செயற்கைக் கையை மூடித் திறந்தார். 2012இல் வெளியான அடுத்த ஆய்வில், சுமார் 15 ஆண்டுகளாகக் கைகால் அசையாத ஒரு பெண் ரோபோ கையை எண்ணத்தால் இயக்கிக் காப்பிக் குடுவையை வாயருகே கொண்டுவந்து தானே குடித்தார். அந்தக் காணொளியில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதன்பின் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழு செய்தது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கை என்பது கட்டளைக்குக் கீழ்ப்படியும் கருவி மட்டுமல்ல; அது உணரவும் வேண்டும். ரோபோ விரல் எதையாவது தொட்டதும், மூளையின் தொடு உணர்வுப் பகுதிக்கு நுண்மின்சாரம் அனுப்பி, தொட்ட உணர்வை அவர்கள் உண்டாக்கினார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, பொருளை எடுத்து வைக்கும் பயிற்சியில் பிடித்த நேரம் ஏறத்தாழ 20 விநாடியிலிருந்து 10 விநாடியாகப் பாதி குறைந்தது. மூளையிடம் கேட்பதோடு நின்றுவிடாமல் அதற்குத் திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்ற இந்தப் பாடம் பக்கவாத மறுவாழ்வுக்கும் பொருந்துகிறது.

கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் மிக வேகமாக முன்னேறியது பேச்சுத் துறை. 2021இல் ஸ்டான்ஃபோர்டில் கிருஷ்ணா ஷெனாய், ஜேமி ஹெண்டர்சன் குழு, கை செயலிழந்த ஒருவரைத் தாளில் எழுதுவதாக நினைக்கச் சொல்லி, அந்த நினைப்பை நிமிடத்துக்கு 90 எழுத்து வேகத்தில் திரையில் கொண்டுவந்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் எட்வர்ட் சாங் குழு, பேச முடியாத ஒருவர் சொல்ல முயன்ற 50 சொற்களை அவர் மூளையிலிருந்து படித்தது. இரண்டே ஆண்டில் இரு குழுக்களும் ஒரே நேரத்தில் நிமிடத்துக்கு 62 சொல், 78 சொல் என்ற வேகத்தை எட்டின. சொற்களஞ்சியமும் ஆயிரக்கணக்கில் விரிந்தது. ஆனால் ஏறக்குறைய நான்கு சொல்லுக்கு ஒன்று தவறாக வந்தது. 2024இல் டேவிஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு அந்தத் தடையைத் தாண்டியது. ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவரின் மூளையில் பதித்த 256 மின்முனைகளைக் கொண்டு, 1,25,000 சொற்கள் கொண்ட களஞ்சியத்தில் 97 விழுக்காட்டுக்கும் மேல் சரியாகப் படித்தார்கள். நோய் வருவதற்கு முன்பு அவர் பேசிய பதிவுகளிலிருந்து அவர் குரலையே மீண்டும் உருவாக்கிக் கணினியைப் பேச வைத்தார்கள். மாதக் கணக்கில் அவர் இதைக் கொண்டே வீட்டாரோடும் நண்பர்களோடும் உரையாடினார்.

இது பெரும் சாதனை. இதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு முடிவும் ஒருவர் அல்லது இருவர் மூளையிலிருந்து வந்தது. நோயாளி பேச முயன்றால்தான் இக்கருவிகளில் பெரும்பாலானவை வேலை செய்யும். இமைகூட அசையாத முழு முடக்கத்தில் இருப்பவரின் நிலை வேறு. 2022இல் அப்படிப்பட்ட ஒரு நோயாளி ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தன் நியூரான்களால் கட்டுப்படுத்தி எழுத்துக் கூட்டினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்து. முழு முடக்கத்தில் உள்ளவர்களோடு தொடர்புகொண்டதாகச் சொன்ன முந்தைய ஆய்வொன்றை, தரவுகளைப் பற்றிய கேள்விகள் எழுந்த பிறகு, 2019இல் ஆய்விதழ் திரும்பப் பெற்றுக்கொண்டதும் இத்துறையில் நடந்ததுதான். நோயாளியின் மௌனத்துக்குள் நாம் கேட்க விரும்புவதையே கேட்டுவிடும் ஆபத்து இங்கே எப்போதும் உண்டு.

மண்டையைத் திறக்காமல் இதையெல்லாம் செய்ய முடியுமா என்ற தேடலும் தீவிரமாக நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சிங்க்ரான் நிறுவனம், இதயத்தில் ஸ்டென்ட் வைப்பதுபோலக் கழுத்துச் சிரை வழியாக ஏறி, மூளையின் பெரிய ரத்தநாளத்துக்குள் 16 மின்முனைகள் கொண்ட வலையை விரிக்கிறது. முதல் நான்கு நோயாளிகளில் ஓராண்டு வரை பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. கிடைக்கும் தெளிவு குறைவு; திரையில் சொடுக்குவதற்குப் போதும். எதிர்முனையில் நியூராலிங்க் நிறுவனம் இருக்கிறது: 64 மெல்லிய இழைகளில் 1,024 மின்முனைகள். 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்திய சில வாரங்களிலேயே பல இழைகள் மூளைத் திசுவிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் வேகத்தை மீட்டார்கள். ஆழமாகப் போனால் தெளிவு, மேலோட்டமாக இருந்தால் பாதுகாப்பு என்ற இந்தப் பேரம் இன்னும் முடியவில்லை.

இனி இரண்டாம் வகைக்கு, அதாவது மீட்புக்கு வருவோம். இங்கே வேகமும் இல்லை, வியக்க வைக்கும் காணொளிகளும் இல்லை. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு கை திரும்பாமல் வீட்டில் இருக்கும் எண்ணற்றவர்களுக்கு வேண்டியது இதுதான்.

இதன் அடிப்படை நேரப் பொருத்தம். ஒருவர் கையை விரிக்க முயலும் அதே கணத்தில் கை உண்மையிலேயே விரிந்து, அந்த அசைவின் உணர்வு மூளைக்குத் திரும்பினால், முயற்சியும் விளைவும் சேர்ந்து நிகழும். சேர்ந்து தூண்டப்படும் நியூரான்களின் பிணைப்பு வலுப்படும். வழக்கமான பயிற்சியில் தெரபிஸ்ட் கையைப் பிடித்து அசைக்கிறார். நோயாளி அந்த நேரம் முயல்கிறாரா, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று அவருக்குத் தெரியாது. மூளை–கணினி இணைப்பிலோ, முயற்சி பதிவானால் மட்டுமே கருவி கையை அசைக்கும். முயலாவிட்டால் அசைவு இல்லை.

இது வெறும் கோட்பாடுதானா என்று சோதிக்க டியூபிங்கன் குழு 2013இல் ஓர் அழகான ஆய்வு செய்தது. விரலை நீட்டவே முடியாத நாள்பட்ட பக்கவாத நோயாளிகள் 32 பேர். எல்லோருக்கும் ஒரே கருவி, ஒரே பிசியோதெரபி. பாதிப்பேருக்குக் கருவி மூளையின் கட்டளைப்படி அசைந்தது. மீதிப்பேருக்கு மூளைக்கும் அசைவுக்கும் தொடர்பே இல்லாமல் தற்செயலாக அசைந்தது. கை இயக்கத்தை அளக்கும் ஃபுக்ல்–மேயர் அளவுகோலில் முதல் குழு சராசரியாக 3.4 புள்ளி முன்னேறியது. இரண்டாம் குழு முன்னேறவில்லை. 2018இல் சுவிட்சர்லாந்தில் ஹோசே மில்லான் குழு ரோபோவுக்குப் பதிலாக முன்கைத் தசைக்கு மின்தூண்டல் கொடுத்து 27 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டது. மூளையோடு இணைத்துத் தூண்டியவர்கள் சராசரியாக 6.6 புள்ளி முன்னேறினார்கள், இணைக்காமல் தூண்டியவர்கள் 2.1 புள்ளி. பத்தே அமர்வுகளில் கிடைத்த இந்தப் பலன் ஆறு முதல் பன்னிரண்டு மாதம்வரை நிலைத்தது.

கைக்கு அந்த அளவுகோலின் முழு மதிப்பெண் 66. ஐந்து புள்ளி அளவுக்கு மாறினால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்பது நாள்பட்ட நோயாளிகளைப் பற்றி ஆய்வாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 3.4 என்பது புள்ளியியலில் வெற்றி. சட்டைப் பொத்தான் போடுவதில் வெற்றியா என்பது வேறு கேள்வி. பல ஆய்வுக்கட்டுரைகள் முதல் வெற்றியைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுகின்றன. நோயாளி குளிக்கிறாரா, தட்டில் சோற்றைப் பிசைகிறாரா, வேலைக்குத் திரும்பினாரா என்று கேட்டு எழுதும் ஆய்வுகள் மிகக் குறைவு. இத்துறையின் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

சிங்கப்பூரில் ஆங் காய் கெங், குவான் சுந்தாய் குழு செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ரோபோவை மூளையோடு இணைத்தவர்களும் வெறும் ரோபோவில் பயின்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இணைப்பால் பலன் இல்லை. ஆனால் ஓர் அமர்வில் இணைப்போடு பயின்றவர்களின் கை 136 முறை அசைந்தது; வெறும் ரோபோ குழுவில் 1,040 முறை. எட்டில் ஒரு பங்கு அசைவில் அதே பலன். சீக்கிரம் சோர்ந்துவிடும் முதியவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. அதே குழு முன்னதாக 54 பக்கவாத நோயாளிகளைச் சோதித்ததில் 48 பேரால் இணைப்பை இயக்க முடிந்தது. எஞ்சியவர்களுக்கு இவ்வழி திறக்கவில்லை என்பதையும் அந்தக் கணக்கே சொல்கிறது.

வீட்டுக்கே வந்துவிட்ட கருவியும் ஒன்று உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் எரிக் லூதார்ட் குழு உருவாக்கிய இப்சிஹேண்ட் கருவிக்கு 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. பாதிக்கப்பட்ட பக்கத்தை விட்டுவிட்டு, நல்ல நிலையில் இருக்கும் மூளைப் பாதியில் தோன்றும் சைகையைப் படித்து, செயலிழந்த கையில் மாட்டிய உறையை அது திறந்து மூடுகிறது. முதல் ஆய்வில் பத்துப் பேர் 12 வாரம் வீட்டிலேயே பயின்று கணிசமாக முன்னேறினார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சை பெற்ற குழு அதில் இல்லை.

இந்த இடத்தில் எளிய வழிகளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். வேகஸ் நரம்பைத் தூண்டும் சிகிச்சையும் இதே நேரப் பொருத்தத்தை நம்புவதுதான். நோயாளி கையை அசைக்கும்போது தெரபிஸ்ட் ஒரு பொத்தானை அழுத்தி அந்த நரம்பைத் தூண்டுகிறார்; மூளையைப் படிக்கும் கணினி எதுவும் இல்லை. 108 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில் 5 புள்ளி முன்னேற்றம், ஒப்பீட்டுக் குழுவில் 2.4. இன்னும் எளியது கண்ணாடிப் பெட்டி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் மாய வலிக்காகத் தொடங்கிய முறை அது. நல்ல கையின் பிம்பத்தைச் செயலிழந்த கையின் இடத்தில் பார்க்க வைத்தால் மூளை ஓரளவு ஏமாறும். 1999இல் அவர் பங்கேற்ற குழு அதைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தது. 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் உண்டு என்றே முடிவு செய்தது. செலவு ஒரு கண்ணாடிக்கு. லட்சங்கள் பெறும் கருவி தன்னை நியாயப்படுத்த வேண்டுமானால், ஒன்றும் செய்யாத நோயாளியோடு மட்டுமல்ல, கண்ணாடி முன் உட்கார்ந்த நோயாளியோடும் போட்டியிட்டு வெல்ல வேண்டும். அப்படிப்பட்ட நேரடி ஒப்பீட்டு ஆய்வுகள் பெருக வேண்டும்.

தண்டுவடக் காயத்தில் மாற்றும் மீட்பும் சந்திக்கின்றன. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கிரெகுவார் கூர்தின், ஜோசலின் புளோக் குழு, மூளையின் மேல்பரப்பில் ஒரு மின்முனைப் பதிப்பையும் இடுப்புத் தண்டுவடத்தில் இன்னொன்றையும் வைத்து, காயத்தைத் தாண்டி இரண்டையும் கம்பியில்லாமல் இணைத்தது. 2023இல் வெளியான அந்த ஆய்வில், பத்தாண்டுகளுக்கு முன் தண்டுவடம் காயப்பட்டுக் கால் செயலிழந்த ஒருவர் தன் எண்ணப்படி நடந்தார், படியேறினார். மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு, இணைப்பை அணைத்த நிலையிலும் ஊன்றுகோலோடு அவரால் சில அடி நடக்க முடிந்தது. பிரேசிலில் மிகெல் நிகோலெலிஸ் குழுவும் 2016இல் இதுபோன்ற ஒன்றைப் பதிவு செய்திருந்தது: எட்டுப் பேர் ஓராண்டு பயின்ற பிறகு, அறவே இல்லை என்று மருத்துவம் எழுதிவிட்ட உணர்வும் அசைவும் அவர்களிடம் ஓரளவு திரும்பின. முழுமையாக அறுந்ததாகச் சொல்லப்படும் காயங்களிலும் சில இழைகள் மிஞ்சியிருக்கின்றன. பயிற்சி அவற்றை எழுப்புகிறது என்பது பொதுவான விளக்கம்.

ஆய்வு முடிந்த பிறகு என்ன ஆகிறது? இந்தக் கேள்வியை ஆய்வாளர்களிடம் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஏ.எல்.எஸ். நோயாளியான ஒரு பெண் தன் வீட்டில் மூளைப் பதிப்பைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் செவிலியரை அழைத்தார், எழுத்துக் கூட்டினார். நோய் மூளைக்குள்ளும் பரவியபோது சைகை மங்கி, ஏழாம் ஆண்டில் கருவி பயனற்றுப் போனது. அது நோயின் கொடுமை. மனிதர் செய்யும் கொடுமையும் உண்டு. பார்வை இழந்தவர்களுக்கு விழித்திரைப் பதிப்பு பொருத்திய அமெரிக்க நிறுவனம் ஒன்று நிதிநெருக்கடியில் அந்தக் கருவியையே கைவிட்டது. 350க்கும் மேற்பட்டவர்கள் பழுதுபார்க்க ஆளில்லாத கருவியைக் கண்ணில் சுமந்தபடி நின்றார்கள். மூளைப் பதிப்பு நிறுவனங்கள் பலவும் முதலீட்டாளர் பணத்தில் ஓடுகின்றன. நிறுவனம் மூடினால் பராமரிப்பது யார், அகற்றும் அறுவைசிகிச்சைக்குச் செலவு செய்வது யார் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுத வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஆறுதலான தகவல் உண்டு. பிரெயின்கேட் ஆய்வில் 14 பேருக்குப் பொருத்தி, மொத்தம் 12,000க்கும் மேற்பட்ட நாட்களில் மூளைக்குள் தொற்று ஒன்றும் ஏற்படவில்லை. அந்தரங்கம் பற்றிய கவலை இப்போதுதான் வடிவம் பெறுகிறது. 2021இல் சிலி நாடு மூளைத் தரவின் பாதுகாப்பைத் தன் அரசமைப்பிலேயே சேர்த்தது. 2025இல் ஸ்டான்ஃபோர்ட் குழு, வாய் அசையாமல் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு படித்துக் காட்டியது. கூடவே, நோயாளி ஒரு ரகசியத் தொடரை மனத்தில் சொன்னால் மட்டுமே திறக்கும் பூட்டையும் அதே கருவியில் வைத்தது. பொறியியலும் அறமும் ஒரே மேசையில் வேலை செய்த நல்ல உதாரணம் அது.

இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி., வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பக்கவாதக் கைக்கான மூளை–கணினி ரோபோ கருவியை உருவாக்கி நோயாளிகளிடம் சோதித்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் மலிவான கைப் பயிற்சி ரோபோக்களில் வேலை செய்கின்றன; மூளை இணைப்பு இல்லாவிட்டாலும், நாளை இணைப்பைப் பொருத்த உடலாக இருக்கப்போவது அத்தகைய கருவிதான். நம் நிலத்துக்கே உரிய சில்லறைச் சிக்கல்களும் உண்டு. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கும் இடங்களில் முதலில் சொல்வது, தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வாருங்கள் என்பது. வாரம் ஐந்து நாள் வீட்டில் பயிற்சி என்றால், அதற்கு ஈடுகொடுக்கும் மின்முனை வேண்டும். ஜெல் தடவி, தொப்பி மாட்டி, சைகை சரியாக வருகிறதா என்று பார்ப்பது மனைவியோ மகளோதான். அவர்கள் பத்து நிமிடத்தில் செய்ய முடியாத கருவி பரணுக்குத்தான் போகும்.

பேச்சுக் கருவிகளில் நமக்கு இன்னொரு இடைவெளி இருக்கிறது. மேலே சொன்ன சாதனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடந்தவை. மூளையிலிருந்து வருவது ஒலியன்களின் மங்கலான வரிசை. அதைச் சொல்லாகவும் வாக்கியமாகவும் ஊகித்து நிரப்புவது பெரிய மொழி மாதிரி. 1,25,000 சொல் என்பது ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சு முழுவதையும் அடக்கும். தமிழில் ஒரே வினை காலமும் இடமும் எண்ணும் ஏற்று நூற்றுக்கணக்கான வடிவம் எடுக்கிறது; வேற்றுமை உருபுகளும் சேர்ந்தால் சொற்பட்டியல் என்ற முறையே போதாது. அதோடு நோயாளி வீட்டில் பேசுவது எழுத்துத் தமிழ் அல்ல, மதுரைப் பேச்சோ நாகர்கோவில் பேச்சோ யாழ்ப்பாணப் பேச்சோதான். பேச்சுத் தமிழைப் பெருமளவில் பதிவு செய்து மொழி மாதிரிகளைப் பழக்கும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவைச் சிகிச்சை நிபுணர் அதைச் செய்ய மாட்டார்.

இதில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டேவிஸ் நோயாளிக்குத் தன் சொந்தக் குரல் திரும்பக் கிடைத்ததற்குக் காரணம், நோய் வருவதற்கு முன் அவர் பேசியவை பதிவில் இருந்ததுதான். ஏ.எல்.எஸ். என்று மருத்துவர் கணித்துச் சொல்லும் நாளில் பல நோயாளிகளுக்குப் பேச்சு இன்னும் இருக்கிறது. அந்தச் சில மாதங்களில், சத்தமில்லாத அறையில் சாதாரணக் கைபேசியை வைத்து, தினமும் சிறிது நேரம் அவரைப் பேச விட வேண்டும்: பேரனுக்குக் கதை, பழைய அலுவலக நினைவுகள், வீட்டில் எல்லோர் பெயரும் சொல்லிக் கூப்பிடுவது, கோபத்தில் சொல்வது, சிரித்துச் சொல்வது. நரம்பியல் பிரிவுகள் இதை மருந்துச் சீட்டோடு சேர்த்து எழுதித் தரலாம்.